கடலோரக் கடைகளுக்கு ஆயுள் குறைந்த சரக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோப்பு, சலவைத்தூள், பிஸ்கட் போன்ற அன்றாடப் பொருள்கள் இராமநாதபுரம் கடலோரக் கடைகளுக்கு வந்து சேரும் விதம் குறித்து, பெரியபட்டினத்தில் மளிகைக் கடை நடத்துபவன் என்ற முறையில் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மதுரையிலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 170 கி.மீ.; பாம்பன் சாலைப் பாலமும் 1988-இலேயே திறக்கப்பட்டுவிட்டது. எனவே தூரத்தைக் குறைசொல்ல இடமில்லை. சரக்கை எப்போது, எவ்வளவு அனுப்புவது என்னும் கணக்குதான் இக்கரைக்குப் பொருந்தவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள 61 நாள்களில் மீனவர் வீடுகளில் பணப்புழக்கம் குறைந்து, ஷாம்பு பாட்டில் வாங்கியவர்கள் சிறு பாக்கெட்டைக் கேட்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் கடனுக்குத்தான். ஆனால், மாத இலக்கை எட்டியாக வேண்டிய விற்பனைப் பிரதிநிதியோ, மாதக் கடைசியில் வழக்கமான அளவுக்கே பெட்டிகளை இறக்கிவிட்டுப் பில் போட்டுச் செல்கிறார். மறுபுறம், ஆடி, தை அமாவாசைகளில் இராமேசுவரத்திலும் தேவிபட்டினத்திலும் கூட்டம் திரளும்போது, தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் தீர்ந்து, கடை கடையாகச் சரக்கு கொண்டுவரும் விநியோகஸ்தரின் அடுத்த லைன் வண்டிக்குக் காத்திருக்க நேர்கிறது. அமாவாசை என்றைக்கு என்பதை அறிய நாட்காட்டியே போதுமே!

தேங்கிய சரக்கை உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. சலவைத்தூள் கட்டி தட்டுகிறது. அட்டைப்பெட்டி இளகி, அடியில் இருப்பவை நசுங்குகின்றன. உணவுப் பொருள்களைத் தரையிலும் சுவரிலும் படாமல் அடுக்க வேண்டும், முதலில் காலாவதியாவதை முதலில் வெளியேற்ற வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஆனால், பெருநகரக் கடைகளுக்குப் புதிய சரக்கை அனுப்பிவிட்டு, எஞ்சியதைக் கடைக்கோடிக்குத் தள்ளும் வழக்கத்தால், எங்களுக்கு வரும் பெட்டிகள் சிலவற்றில் சில வாரங்களே ஆயுள் மீதமிருக்கிறது. விற்காமல் போனதைத் திரும்பப் பெறுவதில் விநியோகஸ்தர்கள் சிலர் காட்டும் தயக்கத்தால் இழப்பு முழுவதும் சிறு கடைக்காரர் தலையில் விழுகிறது.

இணைய வழியில் விற்கப்படும் உணவுப் பொருள், வாடிக்கையாளரிடம் சேரும்போது 30 சதவீத ஆயுளோ, காலாவதிக்கு 45 நாள்களோ மீதமிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் அறிவுறுத்தியது. அலைபேசியில் ஆர்டர் செய்பவருக்குக் கிடைக்கும் இக்காப்பு, ஏர்வாடியிலோ தொண்டியிலோ பெட்டிக்கடையில் வாங்குபவருக்கு ஏன் கூடாது? விநியோகஸ்தர் கடைக்குச் சரக்கு இறக்கும் நாளுக்கும் இதுபோன்ற வரம்பை ஆணையம் விதிக்க வேண்டும். நிறுவனங்களும் தடைக்கால மாதங்களுக்கு இலக்கைக் குறைத்து, இராமநாதபுரத்திலேயே மரப்பலகை அடுக்குகளும் காற்றோட்டமும் உள்ள இடைநிலைக் கிடங்கு அமைத்து, அங்கிருந்து சிறு அளவுகளில் அடிக்கடி சரக்கு அனுப்ப முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
மளிகை வணிகர் ஒருவர்,
பெரியபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.