மாவுப்பூச்சியோடு வந்த ஹோயா செடி: புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் நான் வாங்கிய ஹோயா செடி மாவுப்பூச்சியோடு வந்து சேர்ந்தது. உங்கள் ஊழியர்களுக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பினேன், அரட்டையிலும் பேசிப் பார்த்தேன். உருப்படியான பதில் கிடைக்காததால் உங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

செடி என்றால் பூச்சி இருக்கத்தான் செய்யும். பெரிய பண்ணையில் ஒன்றிரண்டு கண்ணில் படாமல் தப்பிவிடுவது நடக்கக்கூடியதுதான். அது மட்டும் என்றால் செடியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். என் புகார் பெட்டிக்குள் நீங்கள் வைத்திருந்த பராமரிப்பு அட்டையைப் பற்றியது. "பூச்சி சோதனை முடிந்தது. உடனே வீட்டுக்குள் வைக்கலாம். மற்ற செடிகளோடு சேர்த்து வைத்தால் ஈரப்பதம் கூடி நன்றாக வளரும்" என்று அதில் அச்சடித்திருக்கிறீர்கள். புதிதாக வரும் செடியை இரண்டு முதல் நான்கு வாரமாவது தனியே வைத்துக் கவனிக்க வேண்டும் என்பது செடி வளர்ப்பில் பாலபாடம். உங்கள் அட்டையோ அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. விற்பவரே சோதித்துவிட்டதாக எழுதிக் கொடுத்த பிறகு, வாங்குகிறவர் எதற்காகச் சந்தேகப்பட வேண்டும்?

அட்டையில் சொன்னபடியே என் மணி பிளாண்டுக்கும் ஆர்க்கிட்டுக்கும் நடுவில் அந்தச் செடியை வைத்தேன். கொஞ்ச நாளில் ஜன்னல் விளிம்பு பிசுபிசுவென்று ஒட்டியது. பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் இனிப்புக் கழிவு அது. அதைத் தேடி எறும்பு வந்தது. எறும்புக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தபோதுதான் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ அப்பியிருப்பதைப் பார்த்தேன். இலையின் மேல்பக்கத்தை மட்டும் பளபளவென்று துடைத்து அனுப்பியிருந்தீர்கள். அடிப்பக்கத்தை யாரும் திருப்பிக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"இந்தப் பூச்சி உங்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம், ஜன்னல் வழியாகவும் வந்திருக்கலாம்" என்று உங்கள் ஊழியர் எழுதினார். மாவுப்பூச்சியில் முட்டையிடுவது பெண் பூச்சி, அதற்கு இறக்கையே கிடையாது. ஆண் பூச்சிக்கு இறக்கை உண்டு, ஆனால் அது வந்து முட்டை போடப்போவதில்லை. குஞ்சுகள் பக்கத்துச் செடிக்கு ஊர்ந்து போகும், காற்றிலும் கொஞ்சம் அடித்துச் செல்லப்படும், மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டில் பூச்சி இருப்பது ஹோயாவிலும் அதன் இலை தொட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு செடிகளிலும் மட்டும்தான். மற்ற அறைகளில் இருக்கும் செடிகளில் ஒன்றுகூட இல்லை. அதோடு, உங்கள் செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால், வடிகால் துளைகளிலும் வேருக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலும் காய்ந்துபோன பழைய முட்டைப் பைகள் இருந்தன. பெட்டியைத் திறந்த அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் கீழ் இலைகளில் கரும்பூசணம் தெரிகிறது. அந்த இனிப்புக் கழிவு இலையில் படிந்து நாளானால்தான் அந்தக் கறுப்பு பிடிக்கும். இந்தப் படத்தை அனுப்பியபோது "அது தண்ணீர்க் கறை" என்று பதில் வந்தது. தண்ணீர்க் கறை எங்காவது கறுப்பாக இருக்குமா?

அடுத்து வந்த ஆலோசனைதான் இன்னும் மோசம். கடையில் கிடைக்கும் ஏதாவது பூச்சிமருந்தை நன்றாக அடித்தால் சரியாகிவிடுமாம். அந்த அறையில்தான் குழந்தை தூங்குகிறது. வயலுக்கும் தோட்டத்துக்கும் என்று விற்கிற மருந்தை மூடிய அறைக்குள் அடிக்கச் சொல்வது ஒரு நிறுவனத்துக்கு அழகா? அடித்தாலும் ஒரே தடவையில் பூச்சி போய்விடாது. உடம்பின் மேல் இருக்கிற மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது, முட்டைப் பைக்கும் அதே பாதுகாப்பு. ஒரு பெண் பூச்சி சில நூறு முட்டைகள் வரை இடும். வெதுவெதுப்பான அறையில் அவை பொரிக்கப் பத்து நாள் போதும். வெளியில் என்றால் மழை அடித்துக் கழுவும், பொறிவண்டு வந்து தின்னும். வீட்டுக்குள் அதற்கு எதிரி என்று ஒன்றும் கிடையாது, நான்தான் எதிரி. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு இடுக்கு இடுக்காகத் துடைப்பதும், வாராவாரம் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து தெளிப்பதும் இப்போது என் வேலையாகிவிட்டது. மணி பிளாண்ட் தேறிவிடும் போலிருக்கிறது. ஆர்க்கிட்டில் பூச்சி வேர் வரை இறங்கிவிட்டதால் அதைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

கடைசியாக, அடுத்த செடிக்கு என்று ஒரு தள்ளுபடிக் கூப்பனும் அனுப்பினீர்கள். செடியால் வந்த தொல்லைக்கு ஆறுதலாக இன்னொரு செடியா? அந்தக் கூப்பன் எனக்கு வேண்டாம்.

ஹோயாவுக்குக் கொடுத்த பணத்தையும், வீணான ஆர்க்கிட்டின் விலையையும் திருப்பித் தர வேண்டும். பணத்தைவிட முக்கியமாக நான் கேட்பது, அந்த அட்டையை மாற்றுங்கள் என்பது. செடியைச் சில வாரம் தனியாக வைக்கவும், இலையின் அடிப்பக்கம், இடுக்கு, தொட்டியின் அடி இவற்றைப் பார்க்கவும் இரண்டு வரி எழுதுங்கள். சோதித்ததாக அச்சடிக்கிறீர்கள் என்றால், எப்போது எதைச் சோதித்தீர்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். அப்புறம், என் செடி வந்த அதே தொகுதியில் வேறு எத்தனையோ வீடுகளுக்குச் செடி போயிருக்கும். அவர்களும் உங்கள் அட்டையைப் படித்துவிட்டுத் தங்கள் செடிகளின் நடுவில்தான் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இந்த வாரமே தகவல் சொல்லிவிடுங்கள்.

ஆர்டர் விவரம், பெட்டி திறந்த அன்று எடுத்த படங்கள், தொட்டி அடியின் படங்கள், உங்கள் ஊழியரின் பதில்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். ஹோயாவைக் குப்பையில் போடவில்லை. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் பார்த்துக்கொள்ளலாம். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் இதே ஆதாரங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்