கீழ்த்தாடைக்கு ரெண்டு ஸ்க்ரூ போதும்னு ஏன் யாருமே சொல்றதில்ல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எம்.சி. ரோடு, ராயபுரம், திருவொற்றியூர் ஹைரோடுன்னு எங்க பக்கம் எங்க திரும்பினாலும் "ஒரே நாளில் நிரந்தரப் பற்கள்"னு போர்டு வெச்சிருக்காங்க, கீழயே ஈஎம்ஐ வசதி உண்டுன்னும் போட்டிருக்காங்க. தாடை எலும்புல இம்ப்ளான்ட்டுங்கற ஸ்க்ரூவ பதிச்சு அது மேல பல்லு மாட்டறது இது, நல்ல சிகிச்சைதான், போர்டு வெக்கறதையும் நான் தப்பு சொல்ல வரல. ஆனா பல்லு மொத்தமா போன ஒருத்தர் உள்ள போனா அவருக்கு என்னென்ன வழி இருக்குன்னு எல்லாத்தையும் சொல்லிட்டு அப்புறம்தானே அட்வான்ஸ் வாங்கணும், அது நடக்கறதே இல்ல, அதுக்குத்தான் இத எழுதறேன்.

எங்க அப்பா துறைமுகத்துல வேல பாத்து ரிட்டையர் ஆனவர். மேல பல்செட்டு அவருக்கு நல்லா ஒட்டிக்குது, கீழ செட்டுதான் நிக்கவே நிக்காது, ரெண்டு வாய் சாப்பிட்டா எகிறிக்கிட்டு வரும், ஈறு புண்ணாயிடும், மீன்ல முள்ளு இருந்தா நாக்குக்கே தெரியலன்னு காசிமேட்டு மீனையே விட்டுட்டாரு. இது அவர் ஒருத்தர் பிரச்சனை இல்ல, பல்செட்டு வெச்சிருக்கற நெறைய பேருக்கு கீழ செட்டுதான் தொல்ல. மேல செட்டுக்கு அண்ணம் முழுக்க ஒட்டிக்க இடம் இருக்கு, கீழ செட்டு லாடம் மாதிரி மெல்லிசா இருக்கும், நடுவுல நாக்கு வேற தள்ளிக்கிட்டே இருக்கும், அதோட பல்லு போன எடத்துல எலும்பு வருஷா வருஷம் கரைஞ்சுக்கிட்டே போகுது, அதனால புதுசா கட்டின செட்டும் கொஞ்ச நாள்ல லூசாயிடுது.

நாங்க போன ஒரு கிளினிக்ல ஸ்கேன்கூட எடுக்கறதுக்கு முன்னாடியே மேலயும் கீழயும் ஆல் ஆன் ஃபோர் போட்டுடலாம், அதாவது நாலு ஸ்க்ரூ மேல ஒரு தாடையோட மொத்த பல்லையும் கழட்டாதபடி ஃபிக்ஸ் பண்ணிடலாம், ஒரு தாடைக்கு இவ்ளோ லட்சம்னு பேப்பர்ல எழுதி நீட்டிட்டாங்க. மேல செட்டு அவருக்கு சரியாத்தானே இருக்கு, அத ஏன் மாத்தணும்னு கேட்டா பதில் இல்ல. கீழ்த்தாடைல முன்பக்கம், கோரைப்பல்லு இருந்த எடத்துல ரெண்டே ரெண்டு இம்ப்ளான்ட் வெச்சு அதுல பட்டன் போட்ட மாதிரி செட்ட மாட்டலாம்னு ஒரு வழி இருக்கறதே அப்புறமா வேற ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் எங்களுக்கு தெரிஞ்சுது. இது புதுசும் இல்ல, 2002லயே கனடால மெக்கில் பல்கலைக்கழகத்துல நிபுணர்கள் கூடி, கீழ பல்லே இல்லாதவங்களுக்கு முதல்ல யோசிக்க வேண்டிய சிகிச்சையே இந்த ரெண்டு இம்ப்ளான்ட் செட்டுதான்னு சொல்லிட்டாங்க. கீழ்த்தாடை முன்பக்க எலும்பு கெட்டியானது, பல்லு போனாலும் மத்த எடத்த விட அங்க எலும்பு தங்கும், உதட்டுக்கு போற நரம்பும் அதுக்கு பின்னாடியே வெளிய வந்துடுது, அதனால ரிஸ்க்கு கம்மி. ராத்திரி கழட்டி கழுவிக்கலாம். அந்த பட்டனுக்குள்ள இருக்கற நைலான் வளையம் தேய்ஞ்சு லூசாகும், அத அப்பப்போ மாத்தணும், அது சின்ன வேல. செலவு நாலு ஸ்க்ரூ வெச்சு ஃபிக்ஸடா பண்றத விட ரொம்பவே கம்மி.

ஆல் ஆன் ஃபோர் வேணாம்னு நான் சொல்லல, கழட்டவே கூடாது சொந்தப்பல்லு மாதிரி இருக்கணும்னு ஆசப்படறவங்களுக்கு அது பெரிய வரம்தான். போர்ச்சுகல்ல பாலோ மாலோங்கற டாக்டர் கொண்டுவந்த முறை அது, பின்னாடி ரெண்டு இம்ப்ளான்ட்ட சாய்ச்சு, சிலருக்கு 45 டிகிரி வரைக்கும்கூட சாய்ச்சு வெப்பாங்க, அப்படி செஞ்சா கீழ நரம்புலயும் படாது, மேல சைனஸ்ங்கற காத்து அறைலயும் போவாது, எலும்பு ஒட்டவெக்கற ஆபரேஷனும் பல பேருக்கு தேவப்படாது. ஆனா ஒரே நாள்ல தர்ற பல்லு பெரும்பாலும் தற்காலிக பிளாஸ்டிக் பல்லுங்கறத போர்டுல போடறதில்லயே. ஸ்க்ரூவோட எலும்பு சேர மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் கொழஞ்ச சாதம் இட்லின்னு மெத்துனு சாப்பிடணும், அதுக்கப்புறம்தான் கடைசி பல்லு. வெச்ச அன்னிக்கு ஸ்க்ரூ எலும்புல இறுக்கமா பிடிக்கலன்னா அன்னிக்கே பல்லு மாட்டவும் கூடாது.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். இந்த மாதிரி ஃபிக்ஸட் பல்லுக்கு உள்ள எடம் வேணும்னு பல சமயம் எலும்ப மேல சீவி சமமாக்குவாங்க, சீவின எலும்பு திரும்ப வராது. நல்லா இருக்கற நாலஞ்சு பல்லையும் முழு தாடை பண்ணிடலாம்னு பிடுங்கறதும் நடக்குது, அதையெல்லாம் காப்பாத்த முடியுமான்னு வேற ஒரு டாக்டர்கிட்ட கேக்காம யாரும் ஒத்துக்காதீங்க ப்ளீஸ். பல்லு பிடுங்கறதுக்கு ஒரு நிமிஷம் போதும்.

ஃபிக்ஸட் பல்லுக்கு ஒரு தாடைல நாலு ஸ்க்ரூவா ஆறாங்கறதுக்கு, ஆராய்ச்சி பண்ணி பாத்ததுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலன்னுதான் சொல்றாங்க, ஆனா நாலுல ஒண்ணு போச்சுன்னா மொத்த பல்லும் ஆட்டம் காணும், ஆறுல ஒண்ணு போனா பல சமயம் சமாளிச்சுக்கலாம், மேல்தாடை எலும்பு மெத்துனு இருக்கும்கறதால அங்க ஆறு கேக்கறது நியாயம்தான்னு எனக்கு படுது. ஸ்க்ரூ மேல மாட்டற பல்லு ஜிர்கோனியாங்கற கெட்டி பீங்கான்னா கறை பிடிக்காது, உறுதி, ஆனா ஒடஞ்சா பெரும்பாலும் முழுசா திரும்ப செய்யணும், அக்ரிலிக்ங்கற பிளாஸ்டிக்னா தேயும், பல்லு பேந்து வரும், ஆனா ரிப்பேர் பண்ணிக்கலாம். கன்னத்து எலும்புல போடற நீள ஸ்க்ரூ, மேல்தாடைல எலும்பே இல்லாதவங்களுக்கான பெரிய ஆபரேஷன், அத சாதாரணமா சொல்லி ஒத்துக்க வெக்கக்கூடாது.

எது போட்டாலும் சுகர் கட்டுக்குள்ள இருக்கணும், பீடி சிகரெட்டு மாவா ஹான்ஸ் விடணும், எலும்பு தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கறவங்க அத டாக்டர்கிட்ட மறைக்கவே கூடாது, சில மருந்தால தாடை எலும்பே புண்ணாகி செத்துப்போற ஆபத்து இருக்கு. ஃபிக்ஸட் பல்லுன்னா அதுக்கு அடில தெனம் சுத்தம் பண்ணணும், கை நடுங்கற வயசானவங்களால அது முடியுமான்னு வீட்ல இருக்கறவங்கதான் யோசிக்கணும். கழட்டி கழுவற செட்டு அவங்களுக்கு எவ்ளோ சுலபம்!

அதனால பல் டாக்டர்கள நான் கேக்கறது, ஸ்கேன் பாத்துட்டு, சாதா செட்டு, ரெண்டு இம்ப்ளான்ட் செட்டு, நாலு, ஆறுன்னு அந்த நோயாளிக்கு பொருந்தற எல்லா வழியையும், மொத்த செலவு, தற்காலிக பல்லு கடைசி பல்லு ரெண்டும் சேத்து எவ்ளோ, அஞ்சு வருஷத்துல பராமரிப்புக்கு என்ன ஆகும்னு தமிழ்ல எழுதி கைல குடுங்க, வீட்டுக்கு போயி நாலு பேர்கிட்ட கேட்டு முடிவு பண்ண டைம் குடுங்க. இம்ப்ளான்ட் டப்பால இருக்கற ஸ்டிக்கர், கம்பெனி, சைஸு, லாட் நம்பர் எல்லாம் இருக்கும், அதையும் குடுங்க, பத்து வருஷம் கழிச்சு ஸ்க்ரூ லூசானா வேற டாக்டருக்கு அது இல்லாம எந்த டூல் போடறதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டம்.

அரசாங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. கோட்டை ஸ்டேஷன் எதிர்ல இருக்கற அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 1953லருந்து நடக்குது, பல்செட்டு கட்ட தனி டிபார்ட்மெண்டே அங்க இருக்கு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பெருசுங்க பஸ்ஸு ரயிலு ஏறினா போயிடற தூரம்தான். கீழ செட்டு நிக்காம கஷ்டப்படற வயசானவங்களுக்கு இந்த ரெண்டு இம்ப்ளான்ட் செட்ட இலவசமாவோ கொறஞ்ச செலவுலயோ போட்டுத்தர ஒரு தனி திட்டம் போடுங்க, முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துலயும் இதுக்கு எடம் குடுக்க முடியுமான்னு பாருங்க, லட்சக்கணக்குல ஈஎம்ஐ கட்ட பென்ஷன்ல வழி இல்லாத குடும்பங்க எங்க தெருவுலயே நெறைய இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை