நகராத வண்டியைக் கொண்டுவரச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாகன நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கும், புதுச்சேரியில் உள்ள உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரின் மேலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். என் வண்டியின் வரலாறு உங்கள் கணினியில் இருக்கிறது. எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக், அதாவது நெம்புகோலுக்குப் பதில் பொத்தானும் மோட்டாரும் வைத்த கைப்பிரேக், கோளாறு என்று மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் வண்டியின் கணினியில் பதிவான பிழைக்குறியை அழித்து, கழுவித் துடைத்து, சாவியைக் கையில் கொடுத்தீர்கள். அதனால் பழைய கதையை விட்டுவிடுகிறேன். நான்காம் முறை, வெள்ளாற்றங்கரையில் உள்ள எங்கள் இறால் பண்ணையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று பிடிப்பு. வனாமி இறாலை வெயில் ஏறும் முன் பிடித்து, ஐஸ் போட்டு, ஊரைவிட்டு அனுப்பிவிட வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு இறால் வாங்கும் கம்பெனியின் லாரி நிறைந்துவிட்டது. இருட்டில் வழிகாட்ட நான் என் வண்டியில் முன்னால் போனேன். குட்டைக்கரை ஒற்றைத் தடம், இரண்டு பக்கமும் தண்ணீர். படலைத் திறப்பதற்காக என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். யாரும் கேட்காமலே உங்கள் வண்டி பின் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து பொத்தானை அழுத்தினேன். ஒரு பக்கத்தில் மோட்டார் முனகியது, மறுபக்கத்தில் அதுவும் இல்லை. திரையில் மஞ்சள் எழுத்து வந்தது.

உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். அந்த நேரத்தில் எடுத்துப் பேசிய பெண் மிகப் பணிவாகப் பேசினார். அதற்கு நன்றி. "வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாருங்கள் சார், ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிடலாம்" என்றார். "அது நகரவில்லையே அம்மா" என்றேன். "ஒன்பது மணிக்குத் திறப்பார்கள் சார்" என்றார்.

இழுத்துப் போகலாம் என்றால், நான்கு சக்கர இயக்க வண்டியை இரண்டு சக்கரம் தரையில் உருள இழுக்கக் கூடாது என்று உங்கள் புத்தகமே எச்சரிக்கிறது. மொத்த வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்ளும் லாரி வேண்டும். அது அந்தக் கரையில் ஏறாது. டிராக்டரைக் கட்டி இழுத்தால், பூட்டிய சக்கரம் கரையைச் சீவிக்கொண்டு குட்டையில் இறங்கும். பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள் என்றார் ஒருவர். பிடித்த பிடியைத் தக்கவைக்க இந்தப் பிரேக்குக்கு மின்சாரம் தேவையில்லை, விடுவதற்குத்தான் தேவை. உள்ளே இருக்கும் திருகு தானாகப் பின்வாங்காது. பள்ளத்தில் நிறுத்தும்போது அது நல்ல குணம்தான். குட்டைக்கரையில் அதுவே வம்பு.

எனக்குப் பின்னால் லாரி. அதற்குள் என் நான்கு மாத உழைப்பு. ஏழு மணிக்கு வெயில் தகரத்தில் விழுந்தது. லாரியின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி, கரை மண்ணில் கோடு போட்டுக்கொண்டு என் வண்டியின் சக்கரம் வரை வந்தது. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனி ஆள் பெட்டியைத் திறந்து இரண்டு இறாலை எடுத்துத் தலையை அழுத்திப் பார்த்தார், மூடிவிட்டார். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அதற்கு என்ன பொருள் என்று பண்ணைக்காரர்களுக்குத் தெரியும்.

எட்டரை மணிக்கு முட்லூரிலிருந்து ஒரு மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்தார். "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்கள்" என்று சொல்லி அடியில் படுத்தார். சக்கரத்தின் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பின்னால் இருக்கும் மோட்டாரின் இரண்டு திருகுகளைக் கழற்றி, அதை வெளியே எடுத்து, உள்ளே தெரிந்த நட்சத்திரத் தலைத் தண்டை எதிர்த்திசையில் திருப்பினார். மறுபக்கமும் அப்படியே. முக்கால் மணி நேரத்தில் சக்கரம் உருண்டது. மோட்டாருக்கு மின்சாரம் போகும் கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். செம்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு. செம்பில் களிம்பு பிறக்கும்போதே உடன் இருப்பது என்பார்கள் எங்கள் பக்கத்துச் சைவப் பெரியவர்கள். கடற்கரை ஊரில் விற்கும் வண்டிக்கு அந்த ஞானம் உங்களுக்கும் இருந்திருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு வண்டியை உங்களிடம் ஓட்டி வந்தேன். வெளியாள் கை வைத்ததால் வாரண்டி கிடையாது என்றீர்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது வண்டி தண்ணீரில் நின்றதா என்றும் கேட்டீர்கள். ஐயா, அந்த மழையில் கடலூரிலும் புதுச்சேரியிலும் தண்ணீர் பார்க்காத சக்கரம் எது? உங்கள் விளம்பரத்தில் இதே வண்டி ஆற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்த ஆற்றுக்கு வாரண்டி உண்டா என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பூட்டிக்கொண்ட பிரேக்கைக் கையால் விடுவிக்கும் முறையை எழுத்தில் தாருங்கள். தமிழில், படத்துடன், ஒரே ஒரு பக்கம். காப்பிக் குவளை வைக்கும் குழிக்கு உங்கள் புத்தகத்தில் படம் இருக்கிறது, இதற்கு இல்லை. என் பழைய ஜீப்பில் கைப்பிரேக் கேபிள் இறுகினால் அடியில் ஒரு தட்டு தட்டுவேன், விட்டுவிடும். அந்தக் காலம் போகட்டும். இப்போது கண்ணாடி இறக்கவும் கணினி, இருக்கையைத் தள்ளவும் மோட்டார். நாளை ஹாரன் அடிப்பதற்கும் புதுச்சேரிக்கு வர வேண்டியிருக்கும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். பொருளோடு போதிய பயன்பாட்டுக் குறிப்பு தராததற்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கடலூரில் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அங்கே போக எனக்கு விருப்பமும் இல்லை, நேரமும் இல்லை. வாரண்டித் தகராறைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். களிம்பு ஏறாத, நீர் புகாத கனெக்டரையும் மாற்றித் தந்தால் மகிழ்ச்சி. ஆனால் முதலில் அந்த ஒரு பக்கத்தை அனுப்புங்கள். என் ஒருவனுக்கு மட்டும் வேண்டாம், இந்த வண்டியை வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள்.

அடுத்த பிடிப்பு அமாவாசை கழிந்து வருகிறது. அதற்குள் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பின்குறிப்பு: வண்டி இப்போது வீட்டு வாசலில் நிற்கிறது. பார்க்கிங் பிரேக் போடவில்லை. சக்கரத்துக்கு முன்னால் ஒரு செங்கல், பின்னால் ஒரு செங்கல்.