பேஸ்மென்ட்ல குடியிருந்தவன் எழுதறது

ஆன்ட்டி,

நேத்து புரூக்ளின் கோர்ட்ல அமெரிக்கக் குடியுரிமைக்கு சத்தியப்பிரமாணம் எடுத்துட்டேன். இனி இந்தியப் பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணணும், எங்களுக்கு ரெண்டு வச்சுக்க முடியாது. நீங்க கயானா பாஸ்போர்ட், அமெரிக்கா பாஸ்போர்ட் ரெண்டையும் ஒரே பிஸ்கட் டப்பால போட்டு வச்சிருந்தீங்க. ஃப்ளோரிடாவுக்குக் கூப்பிட்டு சொல்லலாம்னு போனை எடுத்தேன், திரும்ப வச்சுட்டேன். உங்களுக்குத் தமிழ் படிக்க வராதுங்கற தைரியத்துலதான் இதை எழுதறேன், அதையும் ஒத்துக்கறேன். உங்க மக டிரான்ஸ்லேட் போட்டுப் படிப்பாங்க, அதனால வாடகை விஷயத்தை இங்க எடுக்கல. 1964ல உங்க ஊர்ல நடந்த கலவரத்தப் பத்தி ஒரு ராத்திரி கிச்சன்ல சொன்னீங்களே, அதுவும் என்னோடயே இருக்கட்டும்.

அந்த தீபாவளிதான் ஆன்ட்டி. ஜெர்சிலேர்ந்து என் ஃப்ரெண்ட்ஸ் வந்திருந்தாங்க, நீங்க பைன் டார்ட் தட்டோட படி இறங்கி வந்தீங்க, ஒருத்தன் இந்தியாவுல எந்த ஊருன்னு கேட்டான், நீங்க வாயத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டு, ஆன்ட்டி நம்மாளுதான்டா, தமிழ்தான், மறந்துபோச்சு அவ்வளவுதான்னு உங்களுக்கும் புரியற மாதிரி இங்கிலீஷ்லயே சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். சத்தியமா.

தட்டை வாஷிங் மெஷின் மேல வச்சீங்க. "நான் எதையும் மறக்கல. நான் கயானாக்காரி. 1838லேர்ந்து 1917 வரைக்கும் கரும்புத் தோட்டக் கூலிக்கு எங்க ஆளுங்களக் கப்பல் கப்பலா ஏத்தி அனுப்பினீங்க, அதுக்கப்புறம் ஒரு கடுதாசி போட்டீங்களா?" என் ஃப்ரெண்ட்ஸ் ஆளுக்கொரு பக்கம் போனைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் சிரிச்சேன். அந்த சிரிப்புதான் இன்னும் உறுத்துது.

மன்னிப்பு அன்னிக்கே கேட்டிருக்கணும். ஆனா நான் ஒண்ணு கேக்கறேன், ஒவ்வொரு வருஷமும் காளி பூஜைக்கு முன்னாடி அந்த நோட்டைத் தூக்கிட்டு கீழ வந்தது யாரு? உங்க அப்பா கயானாவுல ஆல்பியன்ல இருந்தப்போ இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்ச மாரியம்மன் பாட்டு, "இது சரியா, இதுக்கு என்ன அர்த்தம்"னு ராத்திரி பதினொரு மணிக்கு. கோயில்ல எல்லார்கிட்டயும் இவன் ஒரிஜினல் மெட்ராஸ்னு காட்டறப்போ நான் வேணும், பேச்சு முத்தினா 'நீங்க அனுப்பினீங்க'. நான் எவனையும் அனுப்பல ஆன்ட்டி. எங்க தாத்தா தாலுக்கா ஆபீஸ்ல கிளார்க்.

உண்மையச் சொன்னா அந்தப் பாட்டுல பாதி எனக்கே புரியல. மதுரை வீரன் பேரைச் சொன்னாலே உங்களுக்கு மேலெல்லாம் சிலிர்க்கும், எங்க வீட்ல அவரைக் கும்பிட்டதே கிடையாது. தப்பு மேளம் அடிக்கறதப் பக்கத்துல நின்னு கேட்டதே நான் குயின்ஸ்லதான், எங்க தெருவுல அதை எதுக்கு அடிப்பாங்க, யாரு அடிப்பாங்கன்னு நீங்க கேட்டப்போ பேச்சை மாத்திட்டேன். அதை இங்கயும் விரிக்க வேணாம்.

அந்த தீபாவளிக்கு முந்தின டிசம்பர்ல, கயானாவுல இருக்கற எஸக்கீபோ பகுதி எங்களுதுன்னு வெனிசுவேலா ஓட்டெடுப்பு நடத்தின வாரம், கயானா கொடியக் கட்டச் சொல்லி என்னை ஏணில ஏத்தினீங்களே. கை விறைச்சுப் போச்சு. நீங்க பர்பீஸ் பக்கம், எஸக்கீபோவ கண்ணால பாத்ததே இல்லன்னு நீங்களேதான் சொன்னீங்க. அப்ப உங்க நாட்டை ஆண்ட பர்ன்ஹாம் கோதுமை மாவுக்குத் தடை போட்டு, நீங்க அரிசி மாவுல ரொட்டி சுட்டு அது கைல உடைஞ்சு உடைஞ்சு விழுந்து, கடைசில அந்த நாடே வேணாம்னுதானே கிளம்பி வந்தீங்க, அதுக்குப் போய் இவ்வளவான்னு ஏணி மேல நின்னுக்கிட்டு நினைச்சேன். கேக்கல. கேட்டிருந்தா பர்ன்ஹாம் வேற, கயானா வேறன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருப்பீங்க. நேத்து அந்த ஹால்ல கையத் தூக்கிக்கிட்டு நின்னப்போ அந்தக் கொடிதான் ஞாபகம் வந்தது, ஏன்னு தெரியல, எங்க கொடி கூட வரல.

2026 மே 26ஓட உங்க கயானா சுதந்திரம் வாங்கி 60 வருஷம். குயின்ஸ்ல லிபர்ட்டி அவென்யூல கடைக்குக் கடை கொடி தொங்கும். நீங்க இருக்க மாட்டீங்க. எனக்கு அது கோவமாவும் இருக்கு, வீட்டை வித்துட்டுப் போறப்போ ஒரு வார்த்தை சொன்னீங்களா?

ஒண்ணே ஒண்ணு. நோட்டுல மூணாவது பாட்டுல நான் திருத்தினேனே, அது தெரிஞ்சு திருத்தினது இல்ல. போன வாரம் எங்கம்மாவுக்குப் பாடிக் காட்டினேன், அவங்களுக்கும் அந்த வரி தெரியல. உங்க அப்பா எழுதினபடியே பாடுங்க. பென்சில்தான் ஆன்ட்டி, ரப்பர் வச்சுத் தேய்ச்சா போயிடும்.