பாப்பா யாரைப் பார்த்துச் செய்கிறாள்?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா" என்று முடித்துவிடுகிறாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் குழந்தை உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு, தன் பேத்தியைப் பற்றி ஒரு கடிதம் எழுதும் உரிமையாவது உண்டு.

சென்ற ஞாயிறு வீடியோ அழைப்பின் நடுவில் நீ பால் காய்ச்சப் போயிருந்தபோது, பாப்பா டிவி ரிமோட்டை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்று, மறு கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பிறகு புறங்கையால் இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டு வெளியே வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா, "எவ்வளவு சமத்து பாரேன்" என்று பூரித்துப்போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

குழந்தை உளவியலாளர் பியாஜே தன் மகள் ஜாக்குலினைப் பற்றி இப்படியொன்றை எழுதிவைத்திருக்கிறார். அவளுக்கும் அப்போது பாப்பாவின் வயதுதான், 16 மாதம். விளையாட வந்த ஒரு சிறுவன், அடைப்புக்குள் விடப்பட்டதற்காகக் கத்திக் காலை உதைத்து ஆர்ப்பாட்டம் செய்ததை அவள் அசையாமல் நின்று பார்த்தாள். மறுநாள் தன்னை அடைப்புக்குள் விட்டதும், அவளும் அதே போலக் கத்தி, அதே போலக் காலை உதைத்தாள். பார்த்த அன்று அவள் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பார்த்தது உள்ளே போய்த் தங்கிவிடும்; எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. உன் சியாட்டில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மெல்ட்சாஃப் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரியவர் குனிந்து நெற்றியால் ஒரு பெட்டியைத் தொட்டு அதில் விளக்கை எரியவைப்பதை 14 மாதக் குழந்தைகள் பார்த்தன. பார்த்ததோடு சரி, பெட்டியைத் தொட விடவில்லை. ஒரு வாரம் கழித்து அதே பெட்டியைக் கொடுத்தபோது, மூன்றில் இரண்டு குழந்தைகள் குனிந்து நெற்றியால் தொட்டன.

பிறந்து சில வாரமே ஆன குழந்தைகூட, நாம் நாக்கை நீட்டினால் தானும் நீட்டும் என்று 1977-இல் சொன்னவரும் அதே மெல்ட்சாஃப்தான். 2016-இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை வைத்துப் பார்த்தவர்கள் அப்படியொன்றும் இல்லை என்றார்கள். அந்த வழக்கு நடக்கட்டும். ஒரு வயது தாண்டிய குழந்தையைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை.

குழந்தை கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுக்கும் என்றும் நினைத்துவிடாதே. அதே விளக்குப் பெட்டியை வைத்து ஹங்கேரியைச் சேர்ந்த கெர்கெய் குழுவினர் 2002-இல் இன்னொன்றையும் கண்டார்கள். போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்ததால் கை ஒழியாத ஒருவர் நெற்றியால் தொட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் பிறகு கையாலேயே தொட்டன. கை சும்மா இருந்தும் அவர் நெற்றியால் தொட்டபோது, தாங்களும் நெற்றியால் தொட்டன. இவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று அந்த வயதிலேயே கணக்குப் போடுகின்றன, அம்மா. நம் வீட்டுப் பாப்பா உன் மகள். அவள் கணக்கு சுலபத்தில் தப்பாது.

நீ மட்டும் என்ன குறைவா! அப்பாயி வெற்றிலை இடிப்பதைப் பார்த்துப் பார்த்து, அந்தச் சின்ன உரலில் வெறும் உலக்கையைப் போட்டு இடிப்பாய். கையால் வழித்து வாயில் போட்டுக்கொள்வாய். கொல்லை வரை நடந்துபோய்த் துப்பிவிட்டு, முந்தானை இல்லாத கவுனின் ஓரத்தால் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாய். வாயில் ஒன்றும் இருக்காது. தேவையற்ற அசைவையும் விடாமல் செய்வது மனிதக் குழந்தையின் தனிக் குணம் என்று பின்னாளில் படித்தபோது, எனக்கு உன் நினைவுதான் வந்தது. ஹார்னரும் வைட்டனும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி போன்ற பெட்டியைத் திறப்பதை வீண் அசைவுகளோடு செய்துகாட்டிவிட்டுக் கொடுத்தபோது, சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டு நேராகத் தீனியை எடுத்தன. பிள்ளைகளோ காட்டியதை எல்லாம் செய்தார்கள். 1931-இல் ஃபுளோரிடாவில் கெல்லாக் தம்பதியர் தங்கள் மகனையும் ஒரு சிம்பன்சிக் குட்டியையும் உடன்பிறப்புகள் போல வளர்த்துப் பார்த்ததில், குட்டி பேசக் கற்கவில்லை. மகன்தான் சாப்பாட்டைக் கண்டால் குட்டியைப் போல உறுமத் தொடங்கினான். வீட்டில் எது இருக்கிறதோ அதுதான் பாடம்.

ஆகவே சாப்பிடும் வேளையில் மூவரும் சேர்ந்து உட்காருங்கள். மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வருகிறார் என்று நீ இப்போதெல்லாம் சொல்வதில்லை. வேலை அதிகமாக இருக்கலாம். எவ்வளவு நேரமானாலும் ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள். இங்கிருந்து புறப்படும்போதும் இதைத்தான் சொன்னேன். வீட்டுக் கடனையும் அலுவலகப் பொறுப்பையும் தனியாகச் சமாளிக்கும் உன் திறமையை இங்கே எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறேன். ஆனால் எல்லாவற்றையும் தனியாகவே சமாளிக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? பெற்றவர்களிடம் சொல்லக்கூடாத விஷயம் என்று ஒன்று உண்டா? சரி, அது போகட்டும். சாப்பிடும்போது சேர்ந்து உட்காருங்கள்.

திரையில் நாங்கள் கொஞ்சுவது போதும் என்று நீ நினைப்பது தவறு. 2003-இல் பட்ரீஷியா குல் குழுவினர், அதுவும் உன் சியாட்டிலில்தான், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து 12 அமர்வுகள் பேசி விளையாடியபோது, அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் குழந்தைகள் கற்றன. அதே ஆட்கள் தொலைக்காட்சியில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. பாப்பாவின் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நேரில் இருக்க வேண்டும் என்று அம்மாவும் சொல்கிறாள்.

இருவருடைய பாஸ்போர்ட்டையும் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். விசா விண்ணப்பத்தோடு வைக்க உன் அழைப்புக் கடிதம் இருந்தால் நல்லது என்கிறார்கள். அதில் மாப்பிள்ளையும் சேர்ந்து கையெழுத்திடுவதா, நீ மட்டும் போட்டால் போதுமா என்பதை நீயே முடிவு செய்து அனுப்பு. எப்படி வந்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
அப்பா