பவளமல்லிக்கு மூன்றடி மண் விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் வாசலுக்குத் தரை போடும் வேலை நடக்கிறது. மூன்றிலும் சுற்றுச்சுவர் முதல் படிக்கட்டு வரை சிமென்ட் கல் பதித்து, கைப்பிடி மண் தெரியாமல் மூடிவிட்டார்கள். பூமரம் வைக்க ஆசைதான், இடம் எங்கே என்று அந்த வீட்டுப் பெண்களே என்னிடம் கேட்கிறார்கள். மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

வேம்புக்கு இடமில்லாத வாசலிலும் பவளமல்லி வளரும். எங்கள் ஊர் மன்னார்குடி. பக்கத்துத் திருக்களர் கோயிலில் அதுதான் தலமரம். சுவாமிக்கே பாரிஜாதவனேஸ்வரர் என்று பெயர். எங்கள் வீட்டு மரம் 22 ஆண்டுகளுக்கு முன் அம்மா கொடுத்த கன்று. பூத்து ஓய்ந்தபின் மாசியில் கவாத்து செய்வதால் இன்றும் பத்தடிக்கு மேல் போகவில்லை. புதுக்கிளையில்தான் பூ வரும் என்பதால் வெட்ட அஞ்ச வேண்டாம். கோடையில் இலை உதிர்த்து நிற்கும்போது பட்டுவிட்டதென்று வேரோடு வெட்டிவிடாதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அதே தவற்றைச் செய்தோம். மழையில் சேறாகிறது, வண்டி நிறுத்த முடியவில்லை என்று வாசல் முழுவதும் சிமென்ட் போட்டோம். கொத்தனார் அடிமரத்தை ஒட்டிப் பூசினார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மறு ஆண்டு புரட்டாசியில் ஒரு தட்டுப் பூகூட விழவில்லை. அதற்கடுத்த ஆண்டு நுனிக்கிளைகள் சுள்ளியாகக் காய்ந்தன. பெய்த மழையெல்லாம் தளத்தின் மேல் ஓடிச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. வேருக்குத் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. உளி வைத்து மரத்தைச் சுற்றி மூன்றடி உடைத்தோம். ஐப்பசி அடைமழைக்குப் பிறகும் அடியில் இருந்த மண் திருநீறு போல உதிர்ந்தது. அதைக் கையில் எடுத்தபோது அழுதுவிட்டேன்.

மட்கிய சாணமும் சருகும் போட்டு, வாரம் இரண்டு குடம் தண்ணீர் விட்டேன். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அதனால் அடிமரத்தில் மண்ணைச் சற்று மேடாக அணைத்தேன். ஆடியில் துளிர்த்தது. அந்தச் சொரசொரப்பான இலையைத் தடவிப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

சென்ற ஐப்பசியில் மீண்டும் பழையபடி பூத்தது. பொழுது சாய்ந்தபின் மலர்ந்து, விடிவதற்குள் வெள்ளை இதழ் கவிழ, பவளக் காம்பு மேல்நோக்கத் தரையில் கிடக்கும். கீழே விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்பார்கள். பவளமல்லிக்கு மட்டும் அந்தத் தடை கிடையாது. அம்மா செய்தது போல நானும் இரவே பழைய வேட்டியை விரித்து வைக்கிறேன். காம்பின் காவி நிறம் வேட்டியில் புள்ளி புள்ளியாக ஏறியிருக்கிறது.

தரை போடும் கொத்தனார்களுக்கும் போடச் சொல்லும் வீட்டுக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: வெயில் படும் மூலையில் மூன்றடிக்கு மூன்றடி மண்ணை விட்டுவிட்டு மற்றதை மூடுங்கள். இப்போது காய்கள் தட்டையாகப் பழுத்துக் காய்ந்திருக்கின்றன. காய்க்கு இரண்டு விதை. பத்து விதைகளைத் தொட்டியில் ஊன்றியிருக்கிறேன். எதிர்வீட்டுக்கு ஒரு கன்று என்று சொல்லிவிட்டேன். அவர்கள் இன்னும் கல் பதிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி