பௌத்தநாத் சந்தில் ஒரு சாப்பாடு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேபாள யாத்திரை நல்லபடியாக முடிந்து ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். முக்திநாத் தரிசனத்தைப் பற்றி அம்மா உன்னிடம் போனில் விலாவாரியாகச் சொல்லியிருப்பாள். 108 தாரைகளிலும் தலையைக் கொடுத்து நனைந்தது, ஜோம்சோமில் பலத்த காற்று கிளம்புவதற்கு முன்னால் காலையிலேயே விமானம் பிடிக்க ஓடியது எல்லாம் அவள் வாயால் கேட்டால்தான் நன்றாக இருக்கும். நான் எழுத உட்கார்ந்தது சாப்பாட்டு விஷயத்துக்கு.

போன வாரம் பேசியபோது, டூட்டி முடிந்து வந்தால் அடுப்படியில் நின்றபடியே பிரெட்டில் எதையாவது தடவிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறேன் என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நீ என்ன சாப்பிடுகிறாய் என்பதைவிட, எதிரே ஒரு முகம்கூட இல்லாமல், உட்காரக்கூட உட்காராமல் சாப்பிடுகிறாயே என்பதுதான் மனசைப் போட்டுப் பிசைந்தது. அதனால் காட்மாண்டுவில் ஒரு சின்னக் கடையில் நானும் அம்மாவும் சாப்பிட்டதை உனக்கு முழுதாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

பசுபதிநாதர் தரிசனம் முடிந்த மதியம், கூட வந்தவர்கள் ருத்ராட்சம் வாங்கக் கிளம்பினார்கள். யாத்திரைக் குழுவின் சமையல்காரர் போன இடமெல்லாம் நமக்கு ரசமும் சாம்பாருமாகவே போட்டார். நல்ல கைப்பக்குவம், அதில் குறையே கிடையாது. ஆனாலும் இமயமலை அடிவாரம் வரை வந்துவிட்டு அந்த ஊர்ச் சோறு ஒரு கவளம் சாப்பிடாமல் திரும்ப எனக்கு மனசில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பௌத்தநாத் போனேன். பசுபதிநாத் கோயிலிலிருந்து அதிக தூரமில்லை.

அங்கே இருக்கிற புத்த ஸ்தூபத்தை நீ படத்தில் பார்த்திருப்பாய். பெரிய வெள்ளைக் குவிமாடம், அதன் மேல் நாலு பக்கமும் வரைந்த கண்கள். 2015 ஏப்ரல் பூகம்பத்தில் உச்சிக் கோபுரம் சேதமாகி, அதை இறக்கிவிட்டுப் புதிதாகக் கட்டி அடுத்த வருஷ நவம்பரில் திறந்தார்களாம். இப்போது பார்த்தால் தெரியவே தெரியாது. சாயங்காலமானால் ஊரே அதை வலம் வருகிறது. கையில் ஜபமாலையோடு பாட்டிகள், செல்போன் பேசிக்கொண்டே இளவட்டங்கள், கல்லில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து போகிற பிக்குகள் என்று எல்லோரும் நம் பிரதட்சிணம் போலவே வலப்பக்கமாகத்தான் போகிறார்கள். மேலே நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கொடிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆகாயம், காற்று, நெருப்பு, நீர், நிலம் என்று அந்த வரிசைக்குக் கணக்கு. அம்மா அதைக் கேட்டதும், பஞ்சபூதம் என்றால் நம்ம சாமிதானே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கடை, ஸ்தூபத்தைச் சுற்றியுள்ள வட்டத்திலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. வட்டத்தை ஒட்டியே மாடிமேல் பெரிய கடைகள் உண்டு, ஸ்தூபத்தைப் பார்த்தபடி காபி குடிக்கலாம். அங்கே வெளிநாட்டுக்காரர்கள்தான் அதிகம். ஊர்க்காரர்கள் எங்கே நுழைகிறார்கள் என்று பார்த்து அவர்கள் பின்னாலேயே போனோம். தாழ்ந்த கூரை. சுவரோரமாக நீளமான பலகைகள், அவற்றின்மேல் கையால் நெய்த கம்பளம் விரித்திருந்தது. முன்னால் பூவேலை செய்த சின்ன மேஜைகள். மூலையில் தலாய் லாமாவின் படம், அதற்கு ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டு சார்த்தி, கீழே ஒரு விளக்கு. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் இடம் நிறைந்துவிடும். அடுப்பு பக்கத்திலேயே இருந்ததால் அந்தக் குளிருக்கு உள்ளே நுழைந்ததுமே உடம்பு இளகிவிட்டது. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும் இரண்டு டம்ளரும் வந்தன.

கடைக்காரம்மாவுக்கு என் வயசு இருக்கும். அந்த ஊரில் எல்லோரும் அக்கா என்பதற்கு ‘தீதி’ என்கிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மில்லுக்குப் பஞ்சு வாங்க வடக்கே அலைந்த காலத்து இந்தி எனக்கு அங்கே கைகொடுத்தது. நாங்கள் சைவம், யாத்திரையில் இருக்கிறோம் என்று சொன்னதும் அவர் முதலில் சூப்பைப் பற்றித்தான் பேசினார். துக்பா, தென்துக் என்கிற திபெத்திய நூடுல்ஸ் சூப் எல்லாம் பெரும்பாலும் எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்வது வழக்கம், காய் மட்டும் போட்டுத் தருகிறேன் என்று சில கடைகளில் கொடுத்துவிடுவார்கள், உங்களுக்குத் தனியாகவே வைக்கிறேன், கொஞ்ச நேரமாகும் என்றார். முன்பின் தெரியாதவர்களுடைய விரதத்துக்கு அவ்வளவு மரியாதை. அம்மாவுக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போய்விட்டது.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே இரண்டு பெண்கள் மோமோ மடித்துக்கொண்டிருந்தார்கள். மைதாவும் தண்ணீரும் மட்டும்தான், புளிக்க வைப்பதில்லை. உருண்டையை வட்டமாக இடும்போது நடுவில் சற்றுத் தடிமனாகவும் ஓரம் மெல்லிசாகவும் விடவேண்டும். நடு மெலிந்தால் ஆவியில் கிழிந்து சாறு ஒழுகிவிடும், ஓரம் தடித்தால் மடிப்பு வேகாமல் மாவாக நிற்கும். உள்ளே முட்டைக்கோஸ், வெங்காயம், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, கொஞ்சம் பனீர். இடது கையில் வைத்து, வலது கை விரலால் ஓரத்தைக் கொசுவிக் கொசுவி உச்சியில் முடிச்சுப் போடுகிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடித்த கையல்லவா, உங்கம்மாவுக்கு இரண்டாவதிலேயே படிந்துவிட்டது. அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். எண்ணெய் தடவிய தட்டில் அடுக்கி, அடுக்கடுக்கான அலுமினியப் பாத்திரத்தில் ஆவியில் வைத்தார்கள்.

நேபாளத்துக்கு இந்த மோமோ எப்படி வந்தது என்று கேட்டால், காட்மாண்டுவின் நேவார் வியாபாரிகள் திபெத்தின் லாசாவுக்குப் போய்க் கடை வைத்திருந்த காலத்தில் அங்கிருந்து கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். இங்கே வந்ததும் அதற்குத் தக்காளிச் சட்னி சேர்ந்துகொண்டது. சுட்ட தக்காளி, வறுத்த எள், மிளகாய், அப்புறம் திமுர் என்று ஒன்று. பார்க்க மிளகு மாதிரி இருக்கும், கடித்தால் எலுமிச்சை வாசம் அடித்துவிட்டு நாக்கு லேசாக மரத்துப்போகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது. கறி சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே எருமைக்கறி மோமோதான் பெரிசு. பசுவதை அந்த நாட்டில் சட்டப்படி குற்றம்.

பிறகு தென்துக் வந்தது. மாவை நீளமாக இழுத்து, கட்டைவிரல் அகலத்துக்குப் பிய்த்துப் பிய்த்து, கொதிக்கிற சாற்றில் நேராகப் போடுகிறார்கள். முள்ளங்கி, கீரை, தக்காளி. மசாலா வாசமே கிடையாது. நம் நாக்குக்கு முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும், பக்கத்தில் வைத்திருக்கும் மிளகாய் விழுதை வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். பாதிக் கிண்ணம் போகும்போது நெற்றியில் வியர்வை வந்து, மலையில் ஒட்டிக்கொண்டு வந்த குளிர் முழுக்க இறங்கியதை நன்றாக உணர்ந்தேன். உன் ஊர்ப் பனிக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியாது.

வெண்ணெய் டீயும் கேட்டு வாங்கிக் குடித்தேன். கட்டித் தேயிலையை நெடுநேரம் கொதிக்கவைத்து, உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைவார்கள். முன்பெல்லாம் ஆள் உயரத்தில் பாதி இருக்கும் மரக்குழாயில், இப்போது மிக்ஸியில். சர்க்கரை போட்ட டீயை எதிர்பார்த்து வாயில் வைத்தால் பிடிக்காது. உப்புப் போட்ட சூப் என்று மனசில் வைத்துக்கொண்டு குடித்தால் இறங்குகிறது. நெல் விளையாத உயரத்தில், பார்லியை வறுத்து அரைத்த சம்பா மாவை இந்த டீயில் பிசைந்துதான் தலைமுறை தலைமுறையாக ஆகாரம். ஒரு மடக்குக் குடித்தால் உடனே வந்து ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். விருந்தாளியின் கிண்ணம் குறைந்திருக்கக் கூடாதாம்.

அம்மாவுக்கு நேபாளிச் சாப்பாடு: சோறு, கறுப்பு உளுந்துப் பருப்பு, கீரை, புளிக்கவைத்து உலர்த்திய கடுகுக் கீரையில் செய்த குந்த்ருக், ஊறுகாய். பருப்பும் சோறும் கேட்கக் கேட்கப் போட்டார்கள். பருப்பை ஒரு வாய் வைத்ததும் அம்மா நிறுத்திவிட்டாள். தாளிப்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வெங்காயமா, பூண்டா, இரண்டும் இல்லாத ஒரு வாசம். தீதி ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். காய்ந்த புல் மாதிரி ஒன்று, ஜிம்பு என்று பெயர். நாங்கள் போய்வந்த முஸ்தாங் பக்கத்து மலைகளில் விளைவது. நெய்யில் ஒரு சிட்டிகை போட்டால் போதும்.

கடையில் கூட்டம் குறைந்ததும் அவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 1959-இல் தலாய் லாமா லாசாவை விட்டு வெளியேறியபின் திபெத்திலிருந்து கூட்டம் கூட்டமாக மலை தாண்டி வந்தார்களே, அதில் இவருடைய அப்பா அம்மாவும் உண்டு. அவர் அம்மா காட்மாண்டுவை ஒட்டிய பாட்டன் நகரத்திலுள்ள ஜாவலாகேல் அகதி முகாமில் கம்பளம் நெய்து பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். ஒரு சித்தப்பா குடும்பம் நம் மைசூருக்கு மேற்கே பைலக்குப்பே திபெத்தியர் குடியிருப்பில். அதைச் சொன்னதும் எனக்கு ஊட்டி ஞாபகம் வந்தது. நீ மூணாவது படிக்கும்போது பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துத் திபெத்தியர் கடையில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினோமே. குளிர்காலத்தில் நம் கோயமுத்தூர் ரோட்டோரத்திலும் கடை போடுவார்கள். எத்தனை வருஷம் அவர்களிடம் பேரம் பேசியிருப்பேன், எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்கத் தோன்றியதில்லை.

நேபாளத்தில் பிறந்து வளர்ந்த திபெத்தியர் பலருக்கு இன்றைக்கும் அடையாள அட்டை கிடையாது, தெரியுமா? அது இல்லாமல் பாங்குக் கணக்கு தொடங்கக்கூடக் கஷ்டம். படித்த பிள்ளைகளெல்லாம் வெளியே போய்விடுகிறார்கள். 1990-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, இந்தியாவிலும் நேபாளத்திலும் இருந்த திபெத்தியர் 1,000 பேருக்குக் குடியேற விசா கொடுத்தது. அவர்களுக்குப் பின்னால் குடும்பங்கள் போயின. தீதியின் தங்கையும் அப்படிப் போனவர்தான். எங்கே என்று கேட்டேன். நியூயார்க்கில், குயின்ஸ், ஜாக்சன் ஹைட்ஸ் என்றார்.

என் மகளும் குயின்ஸில்தான் என்று சொன்னேன். உடனே அவர் கேட்டது, பெண் நன்றாகச் சாப்பிடுகிறாளா என்பதுதான். எனக்குப் பதில் வரவில்லை. அம்மா, தனியாக இருக்கிறாள், வேலை ஜாஸ்தி என்றாள். தீதி சொன்னார்: தங்கை போன புதிதில் இப்படித்தான் இருந்தாளாம். பிறகு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் யாராவது ஒருவர் வீட்டில் கூடி மோமோ மடிக்க ஆரம்பித்தார்கள். தனி ஆளுக்கு மோமோ செய்ய யாருக்கும் கை வராது, மடிக்க ஆள் வேண்டும். மடிக்கும்போது பேச்சு வரும். இப்போது ரூஸ்வெல்ட் அவென்யூ பக்கம் தடுக்கி விழுந்தால் திபெத்தியக் கடை, நேபாளிக் கடை என்று பெருமையாகச் சொன்னார்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அம்மிணி. வருகிற லீவு நாளில் 7-ஆம் நம்பர் ரயில் ஏறி 74-ஆம் தெருவில் இறங்கு. பெரிய போர்டு பார்க்காதே. அவர்கள் ஊர்ப் பாட்டிகள் உட்கார்ந்து சாப்பிடுகிற கடையாகப் பார்த்து நுழை. பார்சல் வாங்கிக்கொண்டு ரூமுக்கு ஓடாதே, அங்கேயே உட்கார். செல்போனைப் பையில் போடு. உன்னோடு வேலை செய்கிற அந்த நேபாளத்துப் பெண்ணைப் பற்றி இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாய், அவளையும் கூப்பிடு. தயங்காதே, அவளும் அங்கே தனியாகத்தான் இருப்பாள். தென்துக் கேள். சாறு எலும்புச் சாறா, காய்ச்சாறா என்று முதலிலேயே விசாரித்துக்கொள். திமுர் சட்னியைக் கொஞ்சமாக எடு.

கிளம்பும்போது தீதி ஜிம்பு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்துவிட்டார். அதில் பாதியை உனக்கென்று அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். நம் தெருவிலிருந்து அடுத்த மாதம் நியூ ஜெர்சிக்கு ஆள் வருகிறது, கொடுத்தனுப்புகிறோம். தோலோடு கறுப்பு உளுந்து அங்கே உன் பக்கத்துக் கடையில் கிடைக்கிறதா, இல்லை அதையும் இங்கிருந்தே அனுப்பவா என்று சொல். அம்மா நாளைக்கே கடைக்குப் போகக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா